சேர்த்துக் கட்டுவதா, பிரித்துக் கட்டுவதா? அமெரிக்கக் கொல்லைப்புற நீச்சல் குளத்தின் காங்கிரீட் தளம்

அமெரிக்காவில் வீட்டு நீச்சல் குளங்கள் ஏறத்தாழ ஒரு கோடி இருப்பதாகத் தொழில்துறையினர் கணக்கிடுகிறார்கள். அவற்றில் தரையைத் தோண்டிக் கட்டிய குளங்கள் பலவற்றைச் சுற்றி 4 அங்குலக் கனத்தில் ஒரு காங்கிரீட் தளம் இருக்கும். குளத்தின் வடிவம், உட்பூச்சு, வடிகட்டி, விளக்கு என்று எல்லாம் பேசி முடிந்தபிறகே அந்தத் தளத்தைப் பற்றிய பேச்சு வருவது வழக்கம். ஆனால் ஈரக் காலோடு பிள்ளைகள் ஓடுவது அதன் மேல்தான். மழையும் வெயிலும் நேரே விழுவதும், மண்ணின் ஏற்ற இறக்கம் முதலில் தெரிவதும் அங்கேதான். பழுதும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கண்ணில் படுகிறது: விளிம்பை ஒட்டி ஒரு மயிரிழை வெடிப்பு, தண்ணீர் தேங்கும் ஒரு மூலை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உதிரத் தொடங்கும் ஓடுகள்.

இந்தப் பழுதுகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் நிற்கிறது. குளம் ஆழமாகப் புதைந்த கனத்த தொட்டி. நீர் நிறைந்திருக்கும்வரை அது அதிகம் அசையாது. தளமோ மேல்மண்ணின் மீது கிடக்கும் மெல்லிய பலகை. அது சுருங்கும், விரியும், மண் எழும்பினால் எழும்பும், அமிழ்ந்தால் அமிழும். வெவ்வேறு விதமாக அசையும் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதா, பிரித்துக் கட்டுவதா? இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் காலத்தோடும் ஊரோடும் மாறி வந்திருக்கின்றன. அவற்றின் பின்னணியையும் பலவீனங்களையும் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பிறந்த விதம்

கம்பி வைத்த காங்கிரீட்டுக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. பிரான்சில் ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர் இரும்புக் கம்பி வலையைச் சிமெண்டில் பொதிந்து செடித்தொட்டிகள் செய்து 1867-இல் காப்புரிமை பெற்றார். நீச்சல் குளத்துக்கு வழி திறந்த இன்னொரு கண்டுபிடிப்பு சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிகழ்ந்தது. விலங்கு உருவங்களைப் பாடம் செய்வதில் பேர்பெற்ற கார்ல் ஏக்லி, சாந்தைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சியடிக்கும் ஒரு கருவியை உருவாக்கினார். 1911-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ‘கனைட்’ என்ற பெயரில் பரவிய அந்த முறையில் பலகை அடைப்பு வேண்டியதில்லை. தோண்டிய குழியின் மண்சுவரே அச்சு. கம்பியைக் கட்டிவிட்டுச் சாந்தைப் பீய்ச்சினால் எந்த வளைவும் வரும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் வீட்டுக் குளங்கள் பெருகியபோது இந்த வசதி முழுமையாகப் பயன்பட்டது. தோட்டக் கலைஞர் தாமஸ் சர்ச் 1948-இல் சோனோமா பகுதியில் அமைத்த டொனல் தோட்டக் குளம் சிறுநீரக வடிவத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. நீள்சதுரக் குளத்தைச் சுற்றிக் கல் பதிப்பது எளிது; நெளிந்தோடும் விளிம்புக்கு ஏற்பக் கல்லை வளைத்துச் செதுக்குவது செலவு பிடிக்கும் வேலை. ஊற்றிய இடத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் காங்கிரீட் அந்த இடத்தைப் பிடித்தது இயல்பே. டேவிட் ஹாக்னி 1967-இல் தீட்டிய ‘எ பிக்கர் ஸ்பிளாஷ்’ ஓவியத்தில் குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே வண்ணத்தில் பரந்து கிடக்கிறதே, அந்தத் தளம்தான் நடுத்தர வர்க்கத்தின் கனவாக மனத்தில் பதிந்த உருவம். நிஜத்தில் அத்தனை மாசற்ற பரப்பைக் காங்கிரீட்டில் அடைவது கடினம். அடைந்தாலும் நெடுநாள் காப்பது அதைவிடக் கடினம்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. காங்கிரீட் உலரும்போது சுருங்கும். தடை ஏதுமில்லாவிட்டால் 40 அடி நீளமுள்ள தளம் சுமார் கால் அங்குலமோ அதற்குச் சற்று மேலோ குறுகக்கூடும். அதன்பின் கோடைக்கும் குளிருக்கும் இடையே 30 பாகை செல்சியஸ் வேறுபாடு இருந்தால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீண்டு குறுகும். அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவே இழுவையைத் தாங்கக்கூடிய பொருள் அது. சுருங்கும்போது அடிமண்ணோ குளச்சுவரோ பிடித்து நிறுத்தினால், கிழிவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

ஒன்றாக வார்த்தல்

குளச்சுவரின் உச்சியில் கம்பி செறிந்த ஒரு மேல் பீம் சுற்றி ஓடும். தளத்தை அந்தப் பீமின் மேலேயே கொண்டுவந்து, நீரின் பக்கம் ஓரிரு அங்குலம் துருத்தி நிற்கும்படி ஒரே வார்ப்பாக முடித்துவிடுவது முதல் நிலைப்பாடு. விளிம்பு உருண்டு வர நுரைப்பொருளால் ஆன அச்சுகளை வைத்து ஊற்றுவார்கள். தனியே விளிம்புக்கல் வாங்க வேண்டாம், அதைப் பதிக்கும் ஆள்கூலி இல்லை, கண்ணுக்கு உறுத்தும் இடைக்கோடும் இல்லை. வேலையும் ஒரே நாளில் முடிகிறது. புறநகர் வீடுகளின் பட்ஜெட்டுக்கு இந்த முறை பொருந்தியதில் வியப்பில்லை.

இதை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் நீர்க்காப்பு பற்றியது. குளத்துக்கும் தளத்துக்கும் இடையே சந்து இல்லையென்றால் மழைநீரும் தெறிக்கும் நீரும் சுவருக்குப் பின்னால் இறங்காது, மண்ணும் அரிக்காது. மண் உறுதியாகவும் வெப்பநிலை மிதமாகவும் உள்ள இடங்களில் இப்படிக் கட்டிய தளங்கள் பல பத்தாண்டுகள் குறையின்றி நின்றிருக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது.

பலவீனம் மண் அசையும் இடத்தில் தெரிகிறது. தளம் வெயிலில் விரியும்போது பீமை நீரின் பக்கம் தள்ளுகிறது. மண் ஊதி எழும்போது பீமைத் தன்னோடு மேலே இழுக்கிறது. அப்போது ஓட்டு வரிசைக்குப் பின்னால் கிடைமட்டமாக ஒரு வெடிப்பு ஓடுகிறது, ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று நீரில் விழுகின்றன. வீட்டுக்காரர் ஓட்டுப் பசையைக் குறை சொல்லி மீண்டும் ஒட்டவைக்கிறார். மறு ஆண்டே அதே வரிசை கழலுகிறது. நோய் இருப்பது தளத்தில் என்பதைக் கண்டுகொள்வதற்குள் பீமே பிளந்துபோன வீடுகள் உண்டு. தளத்தைச் சரிசெய்வதைவிடப் பன்மடங்கு செலவு பீமைச் சரிசெய்ய ஆகும்.

இதற்கு ஆதரவாளர்கள் கண்ட சமரசம், பீமின் தலையில் தார்த்தாளோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு, அதன் மேல் தளம் ஒட்டாமல் வழுக்கி நகர விடுவது. பக்கவாட்டு அசைவுக்கு இது ஓரளவு உதவுகிறது. செங்குத்து அசைவுக்கு இது மருந்தாகாது. தளம் கால் அங்குலம் எழும்பினால் பீமுக்கும் அதற்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்து உண்டாகிறது, அதில் மண் புகுந்து அடைகிறது, பிறகு தளம் பழைய இடத்துக்குத் திரும்ப முடிவதில்லை.

இடைவெளி விடுதல்

இரண்டாவது நிலைப்பாடு விளிம்புக்கல்லைக் குளத்தின் உறுப்பாகவும், தளத்தைத் தோட்டத்தின் உறுப்பாகவும் பிரித்துப் பார்க்கிறது. கல் பீமின் மேல் சாந்தில் உட்காரும். கல்லின் பின்விளிம்பில் சுமார் அரை அங்குல இடைவெளி. அதற்கு அப்பால்தான் தளம் தொடங்கும். தொழில்நுட்ப வழிகாட்டிகளில் பெரும்பான்மை இன்று இந்தப் பக்கமே சாய்கின்றன. நான் படித்தறிந்த வரையில் அந்தச் சாய்வு நியாயமானதே.

ஆனால் இந்த முறை வெல்வதும் தோற்பதும் அந்த அரை அங்குலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. எனவே அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இடைவெளி தளத்தின் அடிவரை, கல்லின் கீழுள்ள சாந்தையும் தாண்டி, முழு ஆழத்துக்கும் வெறுமையாக இருக்க வேண்டும். அடியில் அமுங்கக்கூடிய நார்ப்பலகையோ நுரைப்பலகையோ வைப்பார்கள். அதற்கு மேல் நுரைக்கயிறு ஒன்றைச் செருகுவார்கள். மேலே பாலிசல்ஃபைடு அல்லது பாலியூரித்தேன் சீலன்ட்டை ஊற்றி, அது உலரும் முன் மெல்லிய மணல் தூவுவார்கள். நுரைக்கயிற்றுக்கு முக்கியமான ஒரு வேலை உண்டு. சீலன்ட் இரு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபடும்போது நடுவே கிழிந்துவிடும். அடியில் ஒட்டாமல் தடுப்பது அந்தக் கயிறுதான். சீலன்ட்டின் ஆழம் அகலத்தில் பாதியளவு இருப்பது நல்லது என்ற பொது விதியும் இதே காரணத்தால் வந்தது.

ஊற்றும்போது சிந்திய ஒரு கரண்டி கலவை அந்த இடைவெளியின் அடியில் இறுகிக் கிடந்தாலும் போதும், மேலே எவ்வளவு நேர்த்தியாகச் சீலன்ட் பூசியிருந்தாலும் தளம் அந்தக் கட்டியின் வழியாகப் பீமைத் தள்ளும். பிரித்துக் கட்டியதாகக் கருதப்பட்டும் வெடித்துப்போன குளங்களில் இத்தகைய மறைவான பாலங்கள் காரணமாக இருப்பதுண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை இது. ஊற்றிய மறுநாள், சீலன்ட் வருமுன், இடைவெளியின் நெடுக மெல்லிய பட்டை ஒன்றை விட்டுத் துழாவிப் பார்ப்பதே வழி.

இந்த நிலைப்பாட்டின் மெய்யான பலவீனம் பராமரிப்பு. வெயிலும் குளோரினும் சீலன்ட்டைச் சில ஆண்டுகளில் கெட்டிப்படுத்திப் பிளக்கச் செய்கின்றன. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். ஊற்றாமல் விட்டால், நீரைத் தடுக்க வைத்த இடமே நீரைச் சுவருக்குப் பின்னால் வடிக்கும் வாய்க்காலாகிறது. இதைவிட மோசமானது, பிளந்த சீலன்ட்டின் இடத்தில் சிமெண்ட் பூசி அடைத்துவிடும் ‘நிரந்தரத் தீர்வு’. அன்றோடு தளமும் குளமும் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கட்டுபவர் பொறுப்பை வீட்டுக்காரரின் தலையில் கட்டும் முறை இது என்று முதல் தரப்பினர் சொல்லும் விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் சீலன்ட் மாற்றுவது ஒரு நாள் வேலை. பீமை உடைத்துக் கட்டுவது அப்படியல்ல.

கம்பி எதற்கு, கோடு எதற்கு

குளத்திலிருந்து பிரித்தாலும் தளம் தனக்குள்ளேயே வெடிக்கும். இந்த இடத்தில் விவாதம் வேறு திசைக்குத் திரும்புகிறது. கம்பி போட்டால் வெடிக்காது என்ற நம்பிக்கை அமெரிக்க வீட்டுக்காரரிடமும் நம் ஊர் மேஸ்திரியிடமும் ஒரே மாதிரி வேரூன்றியிருக்கிறது. அமெரிக்கக் காங்கிரீட் கழகத்தின் வழிகாட்டிகள் சொல்வது வேறு: இத்தகைய தளங்களில் போடும் சிறிதளவு கம்பி வெடிப்பைத் தடுப்பதில்லை; வெடித்தபின் இரு பக்கமும் விலகாமலும் ஏறி இறங்காமலும் பிடித்துவைக்கிறது. இரண்டும் வெவ்வேறு பலன்கள். கம்பியைக் கேட்டு வாங்குபவர் பெரும்பாலும் முதல் பலனை எண்ணித்தான் கேட்கிறார்.

பிடித்துவைக்கும் வேலையையாவது கம்பி செய்யுமா என்றால், அது கிடக்கும் இடத்தைப் பொறுத்தது. 4 அங்குலத் தளத்தில் அது நடுவுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். நடைமுறையில் கம்பி வலையை மண்ணில் விரித்து, அதன் மேலேயே நடந்து கலவையைக் கொட்டி, அவ்வப்போது கொக்கியால் தூக்கிவிட்டுப் போவது பரவலான வழக்கம். தூக்கிய இடத்தில் அடுத்த நிமிடமே இன்னொருவரின் பூட்ஸ் கால் அழுத்துகிறது. பழைய தளத்தை உடைத்துப் பார்த்தால் வலை அடியில் மண்ணோடு மண்ணாகத் துருப்பிடித்துக் கிடப்பதைக் காணலாம். கவர் பிளாக் வைத்து உயர்த்திக் கட்டிய கம்பிக்கும் இதற்கும் காகிதத்தில் வேறுபாடு தெரியாது.

கம்பியைக் காட்டிலும் கோட்டை நம்பும் தரப்பினரின் வாதம் இது: தளம் எங்கேயாவது வெடிக்கத்தான் போகிறது, எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்போம். தளத்தின் கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வெட்டுக்கோடுகள் இட்டால், பலவீனமான அந்த வரியின் அடியில் வெடிப்பு நேராக ஓடிக் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கும். கோடுகளுக்கு இடையே உள்ள தொலைவு கனத்தைப் போல் 24 முதல் 36 மடங்கு வரை இருக்கலாம் என்பது நடைமுறை விதி. 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 12 அடி. ரம்பத்தால் வெட்டுவதென்றால் அது பெரும்பாலும் அன்றைக்கே நடந்தாக வேண்டும். மறுநாள் காலை ரம்பம் வருமுன் வெடிப்பு தன் வழியைத் தானே தேர்ந்துவிடும்.

இந்த விதிகள் நீள்சதுர அறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதுதான் சிக்கல். குளத்தைச் சுற்றிய தளம் நடுவே பெரிய ஓட்டையுள்ள பலகை. சிறுநீரக வடிவத்தின் வளைவு மாறும் இடத்திலும், படிக்கட்டு மூலையிலும், மிதக்கும் குப்பையை இழுத்தெடுக்கும் ஸ்கிம்மரின் மூடியில் நான்கு முனைகளிலும் இழுவை குவிகிறது. குளத்தின் ஒவ்வொரு உள்மூலையிலிருந்தும் ஒரு கோடு வெளிநோக்கி ஓட வேண்டும், ஸ்கிம்மரைக் கோடு தொட்டுச் செல்ல வேண்டும், கட்டங்கள் இயன்றவரை சதுரத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பவை அனுபவத்தில் கனிந்த வழிமுறைகள். கோடுகள் அழகைக் கெடுக்கின்றன என்று எண்ணி அவற்றைக் குறைக்கச் சொல்லும் வீட்டுக்காரருக்குக் கிடைப்பது அவர் கேளாத கோடுகள்.

மூன்றாவது தரப்பு, இழைகளை நம்புவோர். பாலிபுரோப்பிலீன் நுண்ணிழைகளைக் கலவையிலேயே கலந்தால், ஊற்றிய முதல் சில மணிநேரத்தில் காற்றிலும் வெயிலிலும் உண்டாகும் மேற்பரப்பு வெடிப்புகள் குறைகின்றன. இதற்குப் போதிய சான்று உண்டு. வாரங்கள், மாதங்கள் கழித்து உலரும்போது வரும் வெடிப்பை நுண்ணிழை அதே அளவில் தடுக்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. விற்பனைத் தாள்களில் இந்த இரண்டும் கலந்து பேசப்படுவது வாங்குவோருக்கு நன்மை செய்வதில்லை.

இந்த மூன்று தரப்பும் சண்டையிடும் களத்துக்கு வெளியே, எல்லோரும் ஒப்புக்கொண்டும் பலர் கடைப்பிடிக்காத ஒன்று இருக்கிறது. டஃப் ஆப்ரம்ஸ் 1918-இல் வெளியிட்ட விதி: சிமெண்டுக்கு நீரின் விகிதம் கூடக் கூட வலிமை குறையும். நீர் கூடினால் சுருக்கமும் கூடும். லாரியிலிருந்து கலவை இறுக்கமாக இறங்குகிறது என்று குழாயைத் திறந்து இளக்கும் அந்த ஒரு நிமிடம், கம்பியும் இழையும் சேர்ந்து ஈட்டித் தரும் நன்மையை அழித்துவிடலாம். அடுத்தது நீராற்றல். நம் ஊரில் மாடித் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதைப் பிள்ளைகள்கூட அறிவார்கள். அமெரிக்கப் புறநகர்த் தளங்களில் அதற்குப் பதிலாக ஒரு ரசாயனப் பூச்சைத் தெளிப்பார்கள், சில சமயம் அதுவும் விடுபட்டுப் போகும். ஏழு நாள் ஈரம் என்ற பழைய அறிவுரையை மீறும் அளவுக்குச் சிறந்த மாற்று இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

அடியில் இருக்கும் மண்

தளத்தின் விதியை எழுதுவது பெரும்பாலும் மண்தான். இதில் இரண்டு சிக்கல்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, மனிதர் உண்டாக்கிய மண். குளத்தைக் கட்ட வசதியாகக் குழியைச் சற்று அகலமாகத் தோண்டுவார்கள். ஃபைபர்கிளாஸ் தொட்டியோ வினைல் விரித்த குளமோ என்றால் இந்த அதிகப்படிப் பள்ளம் இரண்டு, மூன்று அடிகூட இருக்கும். வேலை முடிந்ததும் தோண்டிய மண்ணையே அதில் தள்ளி மூடிவிட்டால், தளத்தில் அதிகம் நடமாடும் பகுதி இளகிய மண்ணின் மேல் நிற்கும். லாஸ் ஏஞ்சலிஸ் நீர்த்துறைப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933-இல் மண்ணை இறுக்குவதற்கும் அதன் ஈரத்துக்கும் உள்ள உறவை அளந்து காட்டினார். அவர் பெயரால் வழங்கும் சோதனையில் 95 விழுக்காட்டை எட்டும்படி ஆறு, எட்டு அங்குல அடுக்குகளாக நிரப்பித் திமிசு போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். குளச்சுவர் நெளியுமோ என்ற அச்சத்தில் அதை ஒட்டி இறுக்காமல் விடுவதும் உண்டு. அத்தகைய இடங்களில் கூர்ஜல்லியைக் கொட்டி நிரப்புவது பாதுகாப்பான மாற்றாகக் கருதப்படுகிறது.

இரண்டாவது, இயற்கை தந்த மண். டெக்சாஸின் டாலஸ், ஆஸ்டின் சுற்றுவட்டாரங்களில் உள்ள ‘ஹூஸ்டன் பிளாக்’ களிமண்ணும் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கக் கரிசலும் மண்ணியல் வகைப்பாட்டில் ஒரே குடும்பம். ஈரம் பட்டால் ஊதி, கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பிளக்கும் கரிசலின் குணத்தைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டாலஸ் புறநகர்களில் வீடு வாங்கிக் குளம் கட்டும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். அவர்களின் தாத்தாக்கள் பருத்தி விதைத்த மண்ணின் உறவுக்கார மண்தான் அவர்களின் தளத்தையும் தூக்குகிறது. தளம் மண்ணை மூடிவிடுவதால் நடுவே ஈரம் தங்கி ஊதும், ஓரங்கள் கோடையில் காய்ந்து இறங்கும். குளத்தின் குழாயில் சிறு கசிவு இருந்தால் நிலைமை இன்னும் சீர்கெடும்.

இங்கே பதில்கள் கூர்மையாகப் பிரிகின்றன. ஒரு தரப்பு, ஊதும் மண்ணைச் சில அடி ஆழத்துக்கு வெட்டியெடுத்து ஊதாத மண்ணை நிரப்பச் சொல்கிறது. இன்னொரு தரப்பு சுண்ணாம்பு கலந்து மண்ணின் குணத்தை மாற்றச் சொல்கிறது. வேறு சிலர் ஆழமான தூண்களை இறக்கி, தளத்தை மண்ணைத் தொடாத கூரை போலத் தாங்கிப் பிடிக்கச் சொல்கிறார்கள். கடைசி வழி பொறியியலில் உறுதியானது. செலவோ குளத்தின் செலவோடு போட்டியிடக்கூடியது. முதல் வழியிலும் ஓர் ஆபத்து உண்டு. களிமண்ணின் நடுவே நீர் எளிதில் இறங்கும் மண்ணை நிரப்பினால் அது தொட்டியாகி நீரைத் தேக்கி, சுற்றியுள்ள களிமண்ணை மேலும் ஊதவைக்கலாம். எனவே நிரப்பும் மண்ணைத் தேர்வதில் கவனம் தேவை.

மினசோட்டா, மிச்சிகன் போன்ற வடமாநிலங்களில் களிமண்ணின் இடத்தை உறைபனி பிடித்துக்கொள்கிறது. மண் மூன்றரை முதல் ஐந்து அடி ஆழம்வரை உறையக்கூடிய இடங்களில், ஈரம் நிற்கும் வண்டல் தளத்தைத் தூக்கும். 1930-களின் இறுதியில் அறியப்பட்ட நுண்காற்றுக் குமிழிகள் பொதிந்த காங்கிரீட், உறைந்து உருகும்போது மேற்பரப்பு செதில் செதிலாக உரிவதைத் தடுக்கிறது. தளத்தை மண் தூக்குவதை அதனால் தடுக்க இயலாது. அதற்கு அடியில் நீர் நிற்காத ஜல்லிப் படுகையும் வடிகாலும் வேண்டும்.

மண் அசையும் என்றால் ஒரே பலகையாக ஏன் வார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் பேவர் பிளாக் தரப்பினர். போருக்குப் பிந்தைய நெதர்லாந்தில் சாலைகளுக்காக வளர்ந்த இந்த முறை 1970-களில் வட அமெரிக்காவுக்கு வந்தது. அமிழ்ந்த இடத்தில் கற்களைப் பெயர்த்து, மணலைச் சரிசெய்து, அதே கற்களை மீண்டும் பதிக்கலாம் என்பது அதன் பெரும்பலம். விளிம்புக்கல் அசையாமல் நிற்க, அடுத்த கல் மட்டும் இறங்கினால் காலில் இடறும் படி உண்டாவது அதன் குறை. மணல் அரிப்பு, இடுக்கில் புல், எறும்புப் புற்று ஆகியவையும் உண்டு. அசையும் மண்ணில் இதைக் காங்கிரீட் தளத்துக்கு ஒரு படி மேலாகவே மதிப்பிடத் தோன்றுகிறது. ஆனால் அடிமண் இறுக்கம் குறைந்தால் பேவர் பிளாக்கும் காப்பாற்றாது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாட்டம், வழுக்கல், வெப்பம்

வாட்டத்தில் பெரிய சண்டை இல்லை. அடிக்குக் கால் அங்குலம், குளத்தை விட்டு விலகி. வீட்டின் பக்கம் ஓடும் நீரை ஒரு நீள வடிகால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வழுக்கலிலும் வெப்பத்திலும் கருத்துகள் மோதுகின்றன. ஈரக்காலுக்கு எளிய பாதுகாப்பு, இறுகத் தொடங்கிய பரப்பில் துடைப்பத்தை ஒரே சீராக இழுத்து உண்டாக்கும் மெல்லிய வரிகள். ஆனால் மேலே ஊறி வரும் தண்ணீர் முழுதும் வற்றும்வரை காத்திருந்து இழுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கரணை போட்டு அந்த நீரை உள்ளேயே தேய்த்துவிட்டால் மேற்பரப்பு பொடியாகும். கல், செங்கல் போன்ற தோற்றம் தரும் அச்சு பதித்த காங்கிரீட் 1950-களில் கலிபோர்னியாவில் பிராட் போமன் என்பவரின் முயற்சியால் வளர்ந்தது. அதன் அழகு மேலே பூசும் பளபளப்புப் பூச்சையே சார்ந்தது. அந்தப் பூச்சு நனைந்தால் வழுக்கும். பூச்சில் நுண்மணல் கலப்பது உதவுகிறது, தேய்ந்ததும் மறுபடி கலக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் தோற்றத்துக்காகப் பிடிமானத்தை விட்டுக்கொடுப்பதை ஏற்க முடியவில்லை.

கோடையில் காற்றே 43 பாகையைத் தாண்டும் அரிசோனாவில் வெறுங்காலுக்குத் தளம் சுடாமல் இருப்பதும் பாதுகாப்புதான். 1960-களில் அங்கே ‘கூல் டெக்’ என்ற மேல்பூச்சு அறிமுகமாகிப் பரவியது. வெளிர் நிறமும் சொரசொரப்பும் வெப்பத்தைக் குறைத்து உணரச் செய்கின்றன. வெளிர் நிறம் கூடினால் கண் கூசும், அழுக்கும் தெரியும். நிழல் அமைப்பதற்கு ஈடாக எந்தப் பூச்சும் இல்லை.

மண்ணுக்குள் ஒரு செம்புக் கம்பி

அசைவைப் பொறுத்தவரை குளமும் தளமும் பிரிய வேண்டும் என்று வாதம் சாய்ந்தது. மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் கட்டாயம் இணைய வேண்டும். மின்விநியோகக் கட்டமைப்பிலிருந்து மண்ணில் கசியும் சிறு மின்னழுத்தம், நீருக்கும் தளத்துக்கும் இடையே வேறுபாட்டை உண்டாக்கலாம். ஒரு காலை நீரிலும் மறுகாலைத் தளத்திலும் வைத்த ஒருவரின் உடல் அப்போது பாலமாகிறது. தோல் ஈரமாக இருப்பதால் சிறு வேறுபாடும் உறுத்தும். எனவே அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பின் 680-ஆம் பிரிவு, குளத்தின் உட்சுவரிலிருந்து 3 அடி வரையிலான தளத்தையும், குளத்தின் கம்பிகளையும், உலோக ஏணி, கைப்பிடிகளையும் ஒரே மின்னழுத்தத்தில் இணைக்கச் சொல்கிறது. இது மின்கசிவை மண்ணுக்கு அனுப்பும் ஏற்பாடு அன்று. தொடும் பொருள்கள் அனைத்தையும் ஒரே மட்டத்தில் வைக்கும் ஏற்பாடு.

தளத்தில் கம்பி இருந்தால் அதையே குளத்தின் கம்பியோடு குறைந்தது நான்கு இடங்களில் இணைக்கலாம். கம்பி இல்லாத, இழை மட்டும் கலந்த தளம் என்றால், குளத்தின் உட்சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குலத் தொலைவில், அடிமண்ணுக்குள் 4 முதல் 6 அங்குல ஆழத்தில் 8-ஆம் எண் செம்புக் கம்பியை ஒரு வளையமாக ஓடவிடும் வழியும், சதுரக் கண்ணிகள் கொண்ட செம்பு வலையைப் பரப்பும் வழியும் மின்விதியின் பதிப்புகளில் இடம்பெற்றிருக்கின்றன. ஒற்றை வளையம் போதுமா, வலைதான் வேண்டுமா என்பது மின்விதிக் குழுக்களில் பல பதிப்புகளாகத் தொடரும் வாதம். வளையத்தின் இரு பக்கத்திலும் உள்ள மண்ணில் மின்னழுத்தம் மாறுபடும் என்பது வலைத் தரப்பின் கேள்வி; செலவும், நடைமுறையில் சரியாக வேலை முடியும் வாய்ப்பும் வளையத் தரப்பின் பதில். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கூடுதல் செம்புக்கு ஆகும் செலவைச் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். தளக் கம்பியின் தேவையைக் கட்டுமான வலிமையை மட்டும் வைத்து மதிப்பிட்ட மேற்சொன்ன விவாதத்தில் இந்த இரண்டாவது பயன் பலமுறை விடுபட்டுப் போகிறது. கம்பியை விலக்குபவர், அது செய்திருக்கக்கூடிய மின்பணியை வேறெது செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தீராமல் நிற்பவை

பிரித்துக் கட்டுவதே மேல் என்பதில் இன்று ஓரளவு உடன்பாடு இருப்பதாகச் சொல்லலாம். அந்த உடன்பாடு நீரோடு ஒட்டிய விளிம்பைப் பற்றியது. தளத்தின் மற்ற பகுதிகளில் கேள்விகள் திறந்தே கிடக்கின்றன. ஊதும் களிமண்ணில் எவ்வளவு ஆழம் மண்ணை மாற்றினால் போதும் என்பதற்கு ஊருக்கு ஊர் வேறு விடை. மண் பரிசோதனை இல்லாமல் எந்த விடையும் ஊகமே. வீட்டின் அடித்தளத்துக்கு மண் பரிசோதனை கேட்கும் வழக்கம் தளத்துக்கு இன்னும் வரவில்லை.

உப்பிலிருந்து குளோரினைத் தயாரிக்கும் குளங்கள் பெருகியபின் புதிய கேள்வி ஒன்று எழுந்திருக்கிறது. அந்த நீரில் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு. கடல்நீரில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இந்தச் செறிவு நல்ல காங்கிரீட்டைக் கெடுக்காது என்று ஒரு தரப்பு சொல்கிறது. தெறித்த நீர் வற்றி, மீண்டும் தெறித்து வற்றும்போது விளிம்பில் உப்பு சேர்ந்துகொண்டே போகும் என்பதை மறுதரப்பு எடுத்துக்காட்டுகிறது. மென்மையான சுண்ணக்கல் விளிம்புகள் பொரிந்த நிகழ்வுகளில் கல்லின் குணம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, மோசமான வடிகால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அடிக்கடி நல்ல நீரால் அலசுவது, நீரை ஈர்க்காத கல்லைத் தேர்வது என்ற அளவில்தான் இப்போதைக்கு அறிவுரை நிற்கிறது.

பழைய குளங்கள் இன்னொரு பெரிய கேள்வி. மின்விதி தளத்தின் மின்னிணைப்பை இன்றைய வடிவில் வற்புறுத்துவதற்கு முன் வார்க்கப்பட்ட தளங்களின் அடியில் செம்பும் இல்லை, சில இடங்களில் இணைக்கப்பட்ட கம்பியும் இல்லை. அவற்றைப் பழுதுபார்க்கும்போது மேல்பூச்சை மட்டும் மாற்றினால் போதுமா, 3 அடிப் பட்டையை வெட்டி எடுத்து இணைப்பைச் செய்தாக வேண்டுமா என்பதில் நடைமுறை ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. வெடிப்பு கண்ணில் படுவதால் வீட்டுக்காரர் ஆளைக் கூப்பிடுகிறார். இல்லாத செம்பு கண்ணில் படாது. தளத்தை உடைக்கும் நாள்தான் அதைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு என்பதால், அந்த நாளில் மின்பரிசோதனையைக் கட்டாயமாக்குவது பற்றிய பேச்சு காங்கிரீட்டின் கனத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் வர வேண்டும்.